வீட்டு மொழியும் ஆங்கிலத் திறனும்: படப்பையை முன்வைத்து ஒரு மீள்பார்வை

வீட்டில் பேசும் மொழி பிள்ளையின் ஆங்கிலத்துக்குத் தடையா, துணையா? 1854-இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை உயர்கல்விக்கு ஆங்கிலம், மக்கள் கல்விக்கு வட்டார மொழி என்று பிரித்துவைத்தது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஓயவில்லை. காந்தியும் பெரியாரும் இதில் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். மொழியியலாளர்கள் ஒரு பதில் சொன்னார்கள், பொருளியலாளர்கள் வேறொன்று சொன்னார்கள். அரசுகள் ஆட்சிக்கு ஆட்சி ஒரு பக்கம் சாய்ந்தன. இந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை, தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரு பகுதியை மனத்தில் வைத்து இக்கட்டுரை பார்க்கிறது.

ஏன் படப்பை?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், தாம்பரம் பக்கத்து நகரமும் ஒரகடம் பக்கத்து ஆலைகளும் சந்திக்கும் இடத்தில் படப்பை இருக்கிறது. ஏரிப் பாசனமும் நெல்லுமாக இருந்த சுற்றுவட்டாரம் முப்பது ஆண்டுகளுக்குள் மாறிவிட்டது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி, 2014-இல் மூடியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இயங்கத் தொடங்கின. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி வளாகம் 2024-இல் திறக்கப்பட்டது.

இவ்வளவு பேர் வந்து சேரும்போது மொழிகளும் சேர்ந்தே வருகின்றன. பழைய ஊர்களில் தமிழ். சில தெருக்களில் தலைமுறைகளாகத் தெலுங்கு, சில வீடுகளில் உருது. விழுப்புரம், திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் வட்டாரத் தமிழுடன் வாடகை அறைகளில் குடியிருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்தவர்களுக்குள் இந்தி இணைப்பு மொழி. கொரிய, ஜப்பானிய மேலாளர்களும் உண்டு.

ஆலைக்குள் ஆங்கிலம் ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. லைனில் வேலைமுறைத் தாள் பெரும்பாலும் படங்களும் எண்களுமாக, கொஞ்சம் தமிழும் கலந்து தொங்கும். பாகத்தின் பெயரும் எண்ணும் ஆங்கிலத்தில் இருக்கும். நல்ல பாகம் ஓகே, கெட்டது என்ஜி. கைசன், ஃபைவ் எஸ் என்று ஜப்பானிய ஆலைகளிலிருந்து வந்த சொற்களும் தமிழோடு கலந்து புழங்கும். இந்த அளவு ஆங்கிலத்தை ஒரு டிரெய்னி சில வாரங்களில் பழகிவிடுகிறார். ஷிப்ட் முடியும்போது பிரேக்டவுன் ஏன் நடந்தது என்று நாலு வரி எழுதுவதும், தணிக்கைக்கு வந்தவர் கேட்டதற்கு விளக்கம் சொல்வதும், வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவதும் வேறு வகை. ஆபரேட்டர் நாற்காலிக்கும் பொறியாளர் நாற்காலிக்கும் நடுவே உள்ள தூரத்தில் இந்த இரண்டாம் வகை ஆங்கிலத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஆகவே ஆங்கிலத் திறன் என்று பேசும்போது எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

எண்கள் எவ்வளவு தூரம் உதவும்?

அமெரிக்காவில் 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதல் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுவோரிடம், ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள் என்று கேட்டு நான்கு படிகளில் குறித்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தும் வேல்சும் 2011-இல் அதுபோன்ற கேள்வியைச் சேர்த்தன. ஆங்கிலமே தெரியாதவர்கள் ஏறத்தாழ 1,38,000 பேர் என்று அப்போது தெரியவந்தது.

இந்தியக் கணக்கெடுப்பின் வழி வேறு. 2011-இல் தாய்மொழி எது, வேறு எந்த இரண்டு மொழிகள் தெரியும் என்று கேட்டார்கள். குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழியே தாய்மொழி என்பது அதன் வரையறை. இன்று வீட்டில் என்ன பேசுகிறோம் என்ற கேள்வி அதில் இல்லை. எவ்வளவு தெரியும் என்பதும் இல்லை. அக்கணக்கின்படி தமிழ்நாட்டில் தமிழ் 88.4 சதவீதத்தினருக்கும் தெலுங்கு 5.9 சதவீதத்தினருக்கும் தாய்மொழி. நாடு முழுவதும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர்தான். இரண்டாம், மூன்றாம் மொழியாகச் சொன்னவர்களையும் சேர்த்தால் சுமார் 12.9 கோடி.

படப்பை போன்ற இடத்துக்கு இந்த முறை எப்படிப் பொருந்தும் என்று பார்த்தால் அதன் குறை தெரியும். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி இங்கே பள்ளியில் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாய்மொழி ஒடியா. அக்கம்பக்கத்தில் இந்தி, கடையிலும் வகுப்பிலும் தமிழ். படிவத்தில் மிஞ்சிய இரண்டு இடங்களும் நிரம்பிவிட்டன. அவள் படிக்கும் ஆங்கிலத்துக்கு அங்கே இடமே இல்லை. அதிக மொழி தெரிந்தவரின் ஆங்கிலம்தான் இந்தக் கணக்கில் முதலில் விடுபடுகிறது. அதோடு, 2011 கணக்கு ஒரகடத்தின் பெரிய ஆலைகள் பலவும் வருவதற்கு முந்தையது. 2021 கணக்கெடுப்பு நடக்கவேயில்லை.

மாதிரி ஆய்வுகள் சற்றுக் கூடுதலாகச் சொல்கின்றன. 2005-இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் ஆண்களில் சுமார் 5 சதவீதத்தினரும் பெண்களில் 3 சதவீதத்தினரும்தான் சரளமாக ஆங்கிலம் பேசுவதாகச் சொன்னார்கள். 'ஓரளவு' என்றவர்கள் அதைப்போல் பல மடங்கு. இது அவரவர் வாய்மொழி என்பதை மறக்கக் கூடாது. நேர்முகத் தேர்வில் திணறிய அனுபவம் உள்ளவர் 'ஓரளவு' என்பார். அப்படி ஒரு சூழலுக்கே போகாதவர் 'நன்றாக' என்றும் சொல்லக்கூடும்.

முதல் பதில்: வீட்டு மொழி தடை

இரு மொழி பிள்ளையைக் குழப்பும் என்ற எண்ணத்துக்கு ஒரு காலத்தில் ஆய்வின் ஆதரவும் இருந்தது. 1923-இல் வேல்சில் சேயர் நடத்திய ஆய்வு, வீட்டில் வெல்ஷ் பேசும் கிராமத்துப் பிள்ளைகள் அறிவுத் தேர்வில் பின்தங்குவதாகச் சொன்னது. கிராமத்தையும் நகரத்தையும், ஏழையையும் வசதியுள்ளவரையும் பிரித்துப் பார்க்காத குறை அதில் இருந்தது. 1962-இல் கனடாவின் மான்ட்ரியலில் பீலும் லாம்பர்ட்டும் குடும்ப வசதியைச் சமப்படுத்தி ஒப்பிட்டபோது இருமொழிப் பிள்ளைகள் மேலாகவே இருந்தார்கள். ஆய்வுலகம் பழைய எண்ணத்தைக் கைவிட்டது. ஆனால் 'வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்க' என்று பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

பெரியாரின் நிலைப்பாட்டை இதோடு சேர்த்துவிடக் கூடாது. வீட்டிலும் ஆங்கிலம் பேசப் பழகுங்கள் என்று அவர் தமிழரைத் தூண்டியதற்குக் காரணம் சமூக விடுதலை. பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஆங்கிலம் வெளியேறும் வழி என்பது அவர் எண்ணம். தலித்-பகுசன் சிந்தனையாளர்களான சந்திரபான் பிரசாத், காஞ்சா அய்லைய்யா ஆகியோரின் வாதமும் இந்த மரபிலேயே வருகிறது. இதற்கு அறம் சார்ந்த வலு உண்டு. யாருக்கு ஆங்கிலம் மறுக்கப்பட்டது என்று கேட்காமல் தாய்மொழியின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

நடைமுறையில்தான் இந்தப் பதில் இடறுகிறது. பெற்றோருக்குச் சரளமாக வராத மொழியில் வீட்டுப் பேச்சை நடத்தினால் பேச்சே குறுகிவிடும். சாப்பிடு, படி, தூங்கு என்ற அளவில் அது நின்றுபோகும். கதை, வாக்குவாதம், ஏன்-எதற்கு என்ற கேள்விகள் எல்லாம் சுருங்கும். குழந்தையின் சொல்வளம் வளர்வது அவற்றில்தான். சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் உண்டு. அங்கே இந்தியர்களில் வீட்டில் பெரிதும் ஆங்கிலம் பேசுவோர் 2010-இல் சுமார் 42 சதவீதம். 2020-இல் சுமார் 59 சதவீதம். அது பல பத்தாண்டுகளாக ஆங்கிலவழிப் பள்ளி, ஆங்கில அலுவலகம், ஆங்கிலத் தெரு எல்லாம் கூடி நடந்த மாற்றம். வீட்டில் எடுத்த ஒரு முடிவால் வந்ததில்லை. அதே காலத்தில் அங்கே வீட்டுத் தமிழ் தேய்ந்தது.

இரண்டாம் பதில்: வீட்டு மொழியே அடித்தளம்

காந்தியின் ஆதாரக் கல்வியும், 1953-இல் யுனெஸ்கோ வெளியிட்ட வட்டார மொழிக் கல்வி அறிக்கையும், 1964–66 கோத்தாரிக் குழுவும், 2020 தேசியக் கல்விக் கொள்கையும் இந்தப் பக்கம் நிற்கின்றன. இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களில் முக்கியமானவர் கனடாவின் ஜிம் கம்மின்ஸ். 1979 வாக்கில் அவர் இரண்டு கருத்துகளை முன்வைத்தார். ஒரு மொழியில் பெற்ற எழுத்தறிவும் சிந்தனைப் பழக்கமும் அடுத்த மொழிக்குக் கைகொடுக்கும் என்பது ஒன்று. அன்றாடப் பேச்சு ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடலாம், பாடம் படிக்கத் தேவையான ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வேண்டும் என்பது மற்றொன்று. ஒரகடத்து லைன் ஆங்கிலத்துக்கும் மின்னஞ்சல் ஆங்கிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டாம் கருத்து நன்றாகவே விளக்குகிறது.

சான்றுகளும் கணிசமானவை. தென்னாப்பிரிக்காவில் டெய்லரும் வான் ஃபின்டலும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று வகுப்புகளை வீட்டு மொழியில் படித்தவர்கள் மேல்வகுப்பில் ஆங்கிலத்திலும் சற்று முன்னே இருந்தார்கள். மலேசியாவில் 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். தமிழ்ப் பள்ளிகளும் அதில் அடங்கும். 2009-இல் பின்வாங்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. கிராமப்புற மாணவர்கள் பின்தங்கியது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இருந்தும் இந்தப் பதில் படப்பைக்கு வரும்போது மூன்று இடங்களில் சிக்குகிறது.

எந்த வீட்டு மொழி என்பது முதல் சிக்கல். ஒரே வகுப்பறையில் தமிழும் தெலுங்கும் ஒடியாவும் இந்தியும் இருக்கும்போது 'வீட்டு மொழியில் கல்வி' நடைமுறையில் தமிழ்வழிக் கல்வி ஆகிறது. ஒடியாக் குழந்தைக்குத் தமிழும் புது மொழிதான். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடியாப் பாடநூல்களுடன் பணியிடப் பள்ளிகள் நடந்ததுண்டு. குடும்பங்கள் பருவத்துக்கு வந்து போவதால் அந்த ஏற்பாட்டுக்குப் பொருள் இருந்தது. ஆலைப் பகுதியில் பல ஆண்டு தங்கிவிடும் குடும்பத்துக்கு அது பொருந்தாமல் போகலாம்.

இரண்டாவது, தமிழ் பேசும் வீட்டிலேயே உள்ள இடைவெளி. பேச்சுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள தூரத்தை 1959-இல் ஃபெர்குசன் இரட்டை வழக்குக் கோட்பாட்டை முன்வைத்த காலம் முதல் மொழியியலாளர்கள் பேசிவருகிறார்கள். 'வந்துகினு இருக்காங்க' என்று பேசும் பிள்ளை முதல் வகுப்பில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. படிப்புப் பழக்கம் உள்ள வீட்டில் இந்தத் தூரம் கதைப் புத்தகத்தாலும் நாளிதழாலும் குறைகிறது. பெற்றோர் இருவரும் ஷிப்டில் இருக்கும் வீட்டில் அதைப் பள்ளிதான் குறைக்க வேண்டும். தாய்மொழிக் கல்வியை ஆதரிப்பவர்கள் இதை அரிதாகவே எடுத்துப் பேசுகிறார்கள். பெரிய விடுபடல் இது.

மூன்றாவது நம்பிக்கை சார்ந்தது. தாய்மொழிக் கல்வியை மேடையில் ஆதரிப்பவர்கள் தம் பிள்ளைகளை எங்கே படிக்கவைக்கிறார்கள் என்று பெற்றோர் பார்க்கிறார்கள். கோட்பாட்டை இது பொய்யாக்காது. ஆனால் அதை ஏழைக்கு மட்டும் விதிக்கும்போது அவர்கள் ஏன் சந்தேகப்படுகிறார்கள் என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. பன்மொழிக் கல்வி ஆய்வாளர் அஜித் மொகந்தி காட்டிய இரட்டைப் பிளவும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். ஆங்கிலத்துக்கும் மாநில மொழிக்கும் நடுவே ஒரு பிளவு. மாநில மொழிக்கும் அதற்குக் கீழே தள்ளப்பட்ட மொழிகளுக்கும் நடுவே இன்னொன்று. தமிழ்வழிக்காகப் பேசுபவர்கள் இரண்டாவதையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

மூன்றாம் பதில்: வசதிதான் காரணம்

பொருளியலாளர்கள் பலரும் மொழியைவிட வருமானத்தையும் பெற்றோரின் படிப்பையும் முன்னே வைக்கிறார்கள். அசாம், சின், பிரகாஷ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்தியாவைப் பற்றி 2013-இல் வெளியிட்ட கணக்கில், சரளமான ஆங்கிலம் உள்ள ஆண்கள் மணிக்கூலியில் 34 சதவீதமும், ஓரளவு தெரிந்தவர்கள் 13 சதவீதமும் கூடுதலாகப் பெற்றார்கள். அந்தப் பலன் அதிகம் படித்தவர்களிடமே குவிந்திருந்தது. மும்பை தாதரில் முன்ஷியும் ரோசன்ஸ்வைக்கும் நடத்திய 2006 ஆய்வு, பையன்கள் சாதிவழி வேலைத் தொடர்புகளை நம்பி மராத்திவழியில் தங்கிவிட, அத்தொடர்புகள் இல்லாத பெண்கள் ஆங்கிலவழிக்கு மாறியதைக் காட்டியது.

இந்தப் பதில் சரியான எச்சரிக்கை. ஆனால் முழு விளக்கம் ஆகாது. வசதி என்பது வகுப்பறைக்குள் எந்த வழியாக வேலை செய்கிறது என்பதை அது சொல்வதில்லை.

பள்ளிக்குள் நடப்பது

தமிழ்நாட்டில் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. இன்று மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆங்கிலவழியில் சேர்ந்திருக்கிறார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்படும் பயிற்றுமொழியும் வகுப்பறையில் நடக்கும் மொழியும் ஒன்றா என்பதுதான் கேள்வி. மொழியியலாளர் இயான்தி சிம்ப்லி தலைமையில் டெல்லி, ஹைதராபாத், பீகாரில் நடந்த 'மல்டிலீலா' ஆய்வு இதை நேரில் பார்த்தது. ஆங்கிலவழி என்று பெயர்கொண்ட பல வகுப்புகளில் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்க, விளக்கம் பெரிதும் உள்ளூர் மொழியில் நடந்தது.

தமிழ்நாட்டு வகுப்பறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆசிரியர் 'போட்டோசிந்தசிஸ்' பத்தியை ஆங்கிலத்தில் வாசிக்கிறார். இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று தமிழில் சொல்கிறார். பிறகு கேள்வி-பதிலைப் பலகையில் ஆங்கிலத்தில் எழுத, பிள்ளைகள் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். புரிந்தது தமிழில், எழுதியது ஆங்கிலத்தில். இரண்டையும் இணைக்கும் வேலை, அதாவது புரிந்ததைச் சொந்த ஆங்கில வாக்கியத்தில் சொல்லிப் பார்ப்பது, பாடவேளையில் இடம்பெறுவதே இல்லை. தமிழில் விளக்குவதைக் குற்றமாகப் பார்ப்பது தவறு. அந்த வகுப்பில் கற்றல் நடக்கும் நேரம் அதுதான். மொழிகளைக் கலந்து கற்பிப்பதை முறையாகச் செய்யலாம் என்ற கருத்து இப்போது ஆய்வாளர்களிடம் வலுப்பெற்றுவருகிறது.

விளைவை, கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் (ASER) ஆய்வுகள் காட்டின. 2016-இல் நாட்டின் கிராமப்புற எட்டாம் வகுப்பு மாணவர்களில் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்க முடிந்தவர்கள் 45.2 சதவீதம். 2009-இல் அது 60.2 சதவீதமாக இருந்தது. தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகள் பெருகிய அதே காலத்தில் இந்தச் சரிவு நடந்திருக்கிறது. வாசித்தவர்களிலும் கணிசமானோருக்குப் பொருள் சொல்ல முடியவில்லை. ஆந்திராவில் முரளிதரனும் சுந்தரராமனும் நடத்திய பள்ளித் தெரிவு ஆய்வு, பயிற்றுமொழி தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்குத் திடீரென மாறும்போது பிற பாடங்கள் பாதிக்கப்படலாம் என்று கோடிகாட்டியது. அரசுப் பள்ளிகளை ஆங்கிலவழியாக்க 2019-இல் ஆந்திர அரசு பிறப்பித்த ஆணையை அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் நீக்கியது. அந்த விவாதம் பெற்றோரின் உரிமையைச் சுற்றியே ஓடியது. வகுப்பறையில் என்ன நடக்கும் என்பது ஓரத்திலேயே நின்றுவிட்டது.

வேலைவாய்ப்பு என்னும் அளவுகோல்

தொழிற்பகுதியில் ஆங்கிலத்தை அளப்பவர் பெரும்பாலும் நேர்முகத் தேர்வாளர்தான். பாலிடெக்னிக் முடித்த இளைஞர் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்ற கேள்விக்கு ஒப்பித்த பதிலைச் சொல்கிறார். அடுத்து, எந்திரம் பற்றித் தமிழில் கேட்டால் தெளிவாகச் சொல்லக்கூடிய ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டதும் திணறுகிறார். அவரிடம் இல்லாதது தொழிலறிவா, ஆங்கிலமா, தெரியாத ஒருவர் முன் பேசும் துணிவா என்று அந்தப் பத்து நிமிடத்தில் பிரித்துச் சொல்ல இயலாது. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பேச்சு ஆங்கிலப் பயிற்சியை உள்ளடக்கியது வரவேற்கத்தக்கது. ஆனால் கல்லூரியின் கடைசி ஆண்டுகளில் தரும் பயிற்சி, ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் வளர வேண்டியதை எவ்வளவு ஈடுசெய்யும் என்பதைப் பார்க்க வேண்டும்.

லைனில் ஆங்கிலத்தின் தேவையை மிகைப்படுத்தவும் கூடாது. வடமாநிலத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் அருகருகே நிற்கும் இடத்தில் பாதுகாப்பு அறிவிப்பு தமிழிலும் இந்தியிலும் இருப்பது ஆங்கிலத்தைவிட அவசரமானது. எல்லாருக்கும் ஆங்கிலம் வேண்டும் என்ற முழக்கத்தில், புரியும் மொழியில் ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் பெறும் உரிமை மறக்கப்படுகிறது.

எது நிலைத்தது, எது நிலுவையில்

வீட்டில் தமிழோ தெலுங்கோ ஒடியாவோ பேசுவது ஆங்கிலத்தைக் கெடுக்கும் என்பதற்குத் தாங்கக்கூடிய சான்று இல்லை. ஒரு மொழியில் நன்றாக வாசிக்கத் தெரிவது அடுத்த மொழிக்கு உதவும் என்பதற்குப் பல நாடுகளிலிருந்து சான்று உண்டு. ஆங்கிலவழி என்ற பெயர் மட்டும் ஆங்கிலம் தராது என்பதும் ஏறத்தாழ உறுதி. ஆங்கிலத்துக்குக் கூலிப் பலன் உண்டு என்பதையும் மறுக்க முடியாது. பெற்றோரின் ஆசைக்கு அடிப்படை இருக்கிறது.

நிலுவையில் நிற்பவையும் சிறியவை அல்ல. மூன்று நான்கு மொழி கலந்த வகுப்பில் எந்த மொழியில் எழுத்தறிவைத் தொடங்குவது? பேச்சுத் தமிழிலிருந்து பாடநூல் தமிழுக்குப் பிள்ளையை எப்படி அழைத்துச் செல்வது, அந்தப் பாலம் பின்னர் ஆங்கிலத்துக்கு எவ்வளவு உதவுகிறது? புலம்பெயர்ந்து வந்த குழந்தைக்கு மூன்றாம் அல்லது நான்காம் மொழியாக வரும் ஆங்கிலம், தமிழ்க் குழந்தைக்கு இரண்டாம் மொழியாக வருவதைப் போலவே வளருமா? மேலைநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு வீட்டு மொழி, ஒரு பள்ளி மொழி என்ற அமைப்பிலிருந்து வந்தவை. அவற்றை இங்கே அப்படியே பொருத்திவிட முடியாது.

இவற்றுக்கு விடை தேடப் பெரிய செலவு தேவையில்லை. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி கேட்கும் இடத்தில், வீட்டில் இப்போது பேசும் மொழிகள் எல்லாவற்றையும் குறிக்க இடம் விடலாம். மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தமிழ் வாசிப்பையும் ஆங்கில வாசிப்பையும் ஒரே மாணவரிடம் சேர்த்து அளக்கலாம். வாசித்ததன் பொருளையும் பிள்ளையைச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். படப்பை அடங்கிய குன்றத்தூர் வட்டாரப் பள்ளிகளில் ஐந்தாண்டு இதைச் செய்தால் தமிழ்நாட்டுக்கே பயன்படும் தரவு கிடைக்கும். அந்தத் தரவு வரும் வரையில், வீட்டில் உங்கள் மொழியைக் குறையுங்கள் என்று எந்தத் தாயிடமும் சொல்லும் தகுதி எந்தப் பள்ளிக்கும் இல்லை.